தாழைத்துறைக் கிணறு

ஜெபா என்கிற அந்தப் பெண் மூன்றாவது தடவையாக முகாமுக்குள் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது பரிபூரணம் கதவைப் பாதி சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்தாள். முதல் தடவை வந்தபோது எல்லா வீட்டுக்கும் கொசுவலை கொடுத்தாள். அது பரவாயில்லை. இரண்டாம் தடவை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கால் கிலோ பால்கோவா வாங்கி வந்து பரிபூரணத்தின் கையில் கொடுத்தாள். அதுதான் உறுத்தியது. கொசுவலை ஊருக்கே கொடுப்பது. பால்கோவா ஒரு வீட்டுக்கென்று கொடுப்பது. ஒரு வீட்டுக்கென்று எதையாவது கொண்டுவருகிற ஆள் அந்த வீட்டிலிருந்து எதையோ கொண்டுபோகத்தான் வருகிறாள் என்பது பரிபூரணத்தின் கட்சி.

அந்தப் பால்கோவாவை அவள் உடனே வாயில் வைத்துவிடவும் இல்லை. பக்கத்து வீட்டு மரியதாஸ் பெரியவருக்கு முதலில் ஒரு கரண்டி கொடுத்துவிட்டு அரை மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் விரலை நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகும் அவள் அதைத் தொடவில்லை. மிச்சத்தை அவரிடமே கொடுத்துவிட்டாள்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி இருக்கிற அந்த இலங்கை அகதிகள் முகாமில்தான் நாற்பது வருடமாக அவள் வாசம். பெயின்ட் அடிக்கப் போன புருசன் சாரத்திலிருந்து விழுந்து செத்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறாள். ஒரே மகள் டிலானி, இருபத்திரண்டு வயது, நர்சிங் முடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அரசாங்க நர்ஸ் வேலைக்கு மனுப் போட டிலானிக்கு மார்க் இருந்தது, அனுபவம் இருந்தது. குடியுரிமை என்ற கட்டத்தில் போடத்தான் ஒன்றும் இல்லை. இரண்டு தடவை அந்தக் கட்டம் வரைக்கும் போய், செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனாள். பரிபூரணம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மகளுக்கு டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தாள்.

"அக்கா, செத்த நேரம் உக்காரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே ஜெபா உள்ளே வந்தாள். கையில் பச்சைக் கலர் ஃபைல். அகதிகளுக்காக நடத்துகிற ஒரு அமைப்பின் பெயர் அதன் மேல் அச்சடித்திருந்தது. "ஒரு ஃபார்ம் நிரப்பணும். வேற ஒண்ணுமில்ல, சும்மா பதிவுக்குத்தான்."

சும்மா என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் பரிபூரணம் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். அவள் வாழ்க்கையில் யாரும் சும்மா ஒரு ஃபார்மைத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

பெயர் கேட்டாள், வயது கேட்டாள், புருசன் பெயர் கேட்டாள். பரிபூரணம் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலேயே, ஜெபா கேட்டாள்.

"பொறந்த எடம் எது அக்கா?"

"மன்னார்," என்றாள் பரிபூரணம். "மன்னார்த் தீவில தாழைத்துறை."

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு நாக்கு தடுமாறியதே இல்லை. பேண்டேஜ் கம்பெனியில் அவள் பேசுவது அச்சு அசல் ராஜபாளையத்துப் பேச்சு. ஏட்டி, வாரேன், போறேன் என்று அவள் பேசினால் அவளை யாரும் சிலோன்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் முகாமுக்குள் வந்தால் மன்னார்ப் பேச்சுதான், அதிலும் ஃபைலோடு வருகிற ஆளைக் கண்டால் அது அவள் வாயில் இன்னும் தடிமனாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அது அவளுடைய அம்மா பழக்கிவிட்ட பழக்கம்.

நிஜத்தில் பரிபூரணம் தாழைத்துறையைக் கண்ணால் கண்டதில்லை. அவள் பிறந்தது இந்தக் கரையில், மண்டபம் முகாமில். எண்பத்துநாலாம் வருடம், அம்மா நிறைமாதத்தில் படகில் வந்து இறங்கி, ஒன்பதாம் நாள் ஒரு மருத்துவச்சி கையில் பெற்றாள். மூன்று மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்த முகாமுக்கு வந்துவிட்டார்கள். அப்போது முகாம்களில் ஒரு பேச்சு சுற்றியது. எல்லாரையும் கப்பலில் திருப்பி அனுப்பப் போகிறார்கள், இங்கே பிறந்த பிள்ளைகளை இங்கேயே வைத்துக்கொண்டு தாயை மட்டும் ஏற்றுவார்கள் என்று. எந்த அதிகாரி சொன்னார், எந்தத் தாயை ஏற்றினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு தெரியாத தாய் ஒருத்தியும் இல்லை. அம்மா அன்றைக்கே பிள்ளையின் வயதை இரண்டு மாதம் கூட்டிச் சொல்லி, பிறந்த இடம் தாழைத்துறை என்று அகதி கார்டில் எழுத வைத்துவிட்டாள். மகளுக்குப் பேச்சு வந்ததும் அதையே சொல்லிப் பழக்கினாள். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த முகாமில் பிறந்த ஊர் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதனால் ஜெபா, "அங்க வீடு எப்பிடிக்கா இருந்துச்சு?" என்று கேட்டதும் பரிபூரணம் வெளுத்து வாங்கிவிட்டாள். அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, தென்னங்கீற்று முடைந்த கிடுகு வேலி, வாசலில் கருவாடு காயப்போடுகிற பரண், பக்கவாட்டில் ஒரு பூவரசு, அதன் அடியில் கல் கட்டிய கிணறு.

"தண்ணி எப்பிடி?" என்று கேட்டாள் ஜெபா.

"இளநி மாதிரி இனிக்கும். அந்தத் தண்ணியில ஒருக்கா வாய் வச்சால் வேற தண்ணி இறங்காது எண்டு ஊரே சொல்லும்."

ஜெபா நான்கு பக்கம் எழுதினாள். கையெழுத்து வாங்கினாள். எழுந்து போகும்போது சுவரில் மாட்டியிருந்த மடு மாதா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனாள். போகிறவள் நேராக ஸ்கூட்டிக்குப் போகாமல் மரியதாஸ் பெரியவரிடம் குனிந்து ஏதோ கேட்டுவிட்டுத்தான் போனாள்.

பரிபூரணம் உடனே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தப் படத்தின் அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில்தான் அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தது. மண்டபத்துப் பக்கத்துக் கோயிலில் வாங்கியது. பிறந்த இடமும் தேதியும் அதில் இருந்தன. அவள் இந்தக் கரையில் பிறந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே காகிதம் அதுதான். அம்மா சாகிற வரைக்கும் அதைக் கிழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. "இது வெளியில போனா உன்னையும் என்னையும் பிரிச்சுப்போடுவினம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். இவள் ஏன் அந்தப் படத்தையே பார்த்தாள்? பெரியவரிடம் என்ன கேட்டாள்? நாளைக்கு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து படத்தைக் கழற்றினால், டிலானி எந்தக் கரை, நான் எந்தக் கரை?

அன்று சாயங்காலம் டிலானி வருவதற்கு முன்னால் பரிபூரணம் படத்தை இறக்கினாள். பழுத்துப்போன அந்தக் காகிதத்தை ஒரு தடவை படித்தாள். பிறந்த தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநாலு, ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சுருட்டி அடியில் செருகினாள். தீ அதைச் சாப்பிட எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. அன்று ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எட்டு நாள் கழித்து டிலானி டூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினாள். அவளோடு படித்த ஒரு பெண், சிவகாசிப் பக்கத்து முகாமில் இருக்கிறவள், போன் பண்ணியிருந்தாளாம். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாம்.

"எண்பத்தேழு ஜூலைக்கு முந்தி இந்த மண்ணில பிறந்தவை எல்லாம் பிறப்பாலயே இந்தியர்தானாம் அம்மா. சட்டமே அப்பிடித்தானாம். அவையின்ர பிள்ளைகளும், ரெண்டாயிரத்து நாலுக்கு முந்திப் பிறந்தால், இந்தியர்தான். அவளின்ர அம்மா மண்டபத்தில பிறந்தவ. இங்க வந்து ஃபார்ம் நிரப்பின அந்த அமைப்புக்காரர்தான் வழக்குப் போட்டு எடுத்துக் குடுத்தவையாம்." டிலானி மூச்சு வாங்கினாள். பிறகு சிரித்தாள். சிரிக்க முயற்சி பண்ணினாள் என்று சொல்ல வேண்டும். "நீங்கள் மட்டும் தாழைத்துறையில பிறக்காமல் மண்டபத்தில பிறந்திருந்தால், நான் இந்நேரம் அரசாங்க நர்ஸ்."

பரிபூரணம் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அடுப்படிச் சாம்பல் கண்ணில் பட்டது. "சாப்பிடு பிள்ளை" என்று மட்டும் சொன்னாள். நாற்பது வருடம் காப்பாற்றிய காகிதத்தை, தேவைப்படுவதற்கு எட்டு நாள் முன்னால் சோற்றுக்கு விறகாக வைத்தவள் வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அமைப்பின் அலுவலகம். படியில் ஏறும்போதே தெரிந்த முகங்களாக இருந்தன. முகாமே அங்கேதான் இருந்தது. அவளைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் வக்கீல் நவநீதகிருஷ்ணன் இருந்தார். பக்கத்தில் ஜெபா.

"நான் மண்டபத்துல பொறந்தவ சார்," என்றாள் பரிபூரணம். மன்னார்ப் பேச்சு அன்றைக்கு அவளுக்கு வரவில்லை. வளர்ந்த ஊரின் பேச்சுதான் வந்தது. "அன்னைக்குச் சொன்னது பொய்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஒரு வாரத்துல உங்க முகாம்ல மட்டும் உங்களையும் சேத்து முப்பத்தொரு பேரு மண்டபத்துல பொறந்துட்டாங்கம்மா. நேத்து வந்தவருக்கு எழுவது வயசு. அவரும் மண்டபம்தானாம், எம்பத்துநாலாம் வருசமாம். உங்க பேப்பர் எங்க?"

"எரிச்சிட்டேன்."

"முந்தாநாள் ஒருத்தரு கரையான் அரிச்சிருச்சுன்னாரு." அவர் பச்சை ஃபைலை எடுத்து நான்கு பக்கத்தையும் மேஜையில் பரப்பினார். "நீங்களே படிச்சுப் பாருங்க. கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடு. கருவாட்டுப் பரண். கார்டுலயும் அதே ஊரு. இம்புட்டு வெவரமாச் சொன்னவங்க அங்க பொறக்கலைன்னு சொன்னா எந்தக் கோர்ட்டும்மா நம்பும்? சரி, மண்டபத்தப் பத்திச் சொல்லுங்க. என்ன ஞாபகம் இருக்கு?"

ஒன்றும் இல்லை. மூன்று மாதக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அம்மா மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுடைய பொய்க்கு வீடு இருந்தது, வேலி இருந்தது, மரம் இருந்தது. அவளுடைய உண்மைக்கு நிற்க ஒரு கல்கூட இல்லை. அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அதையும் நடிப்பு என்று நினைப்பார்களோ என்று அடக்கிக்கொண்டாள்.

"இத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?" என்று ஜெபாவைப் பார்த்துச் சீறினாள். "எதுக்குக் கேக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் எரிக்கப்போறேன்? சும்மான்னுதான சொன்ன?"

ஜெபா தலையைக் குனிந்தாள். "சொன்னா எல்லாரும் மண்டபம்னு சொல்லிருவாங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாவ அக்கா. எங்களுக்கும் உங்க மேல நம்பிக்கை இல்ல. அதான் நெசம்." மூன்றாவது பக்கத்தை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தாள். "ஒண்ணு கேக்கேன். இந்தக் கிணத்துத் தண்ணி இனிக்கும்னு சொன்னியளே. குடிச்சிருக்கியளா?"

ஓம் என்று சொல்ல நாக்கு தானாக எழுந்தது. நாற்பது வருடப் பழக்கம். இதில் என்ன பொறி இருக்கிறதோ என்று மனசு இன்னொரு பக்கம் தேடியது. பரிபூரணம் இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

"இல்ல. எங்கம்மா சொன்னது."

ஜெபா வக்கீல் பக்கம் திரும்பினாள். "சார், இவுக பக்கத்து வீட்டு மரியதாஸ் தாத்தா தாழைத்துறையில ஐம்பது வயசு வரைக்கும் இருந்தவரு. அன்னைக்கே கேட்டேன். இவுக எங்க பொறந்தாவன்னு அவருக்கு நெனப்பு இல்ல, கிணறு நெனப்பு இருக்கு. அது கடக்கரைக் கிணறு சார். பாத்திரம் கழுவக்கூட ஆகாதாம், அம்புட்டு உப்பு. அந்த ஊர்க்காரவுக வேற மூணு பேருகிட்டயும் கேட்டுட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்றாவ. அங்க ஒரு நாள் இருந்தவங்ககூட அந்தத் தண்ணி இனிக்கும்னு சொல்ல மாட்டாங்க. இவுக கேட்டதைத்தான் சொல்லியிருக்காவ, பாத்தத இல்ல. மத்த முப்பது பேரு எப்பிடியோ, இவுகளுக்காக நான் மண்டபம் போயிட்டு வாரேன். பேப்பரு எரிஞ்சாலும் கோயில்ல ரிஜிஸ்டரு இருக்கும்ல. தேதி ஞாபகம் இருக்காக்கா?"

"ஆகஸ்ட் பதினஞ்சு," என்றாள் பரிபூரணம். "எம்பத்துநாலு." அதைத்தான் அடுப்பு வெளிச்சத்தில் படித்திருந்தாளே.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு நம்பிக்கை வந்ததா என்றால், இல்லை. அந்த ரிஜிஸ்டரையும் இவர்கள் கையில் எடுத்துக்கொண்டு என்ன செய்வார்களோ என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள். உப்பு என்று சொன்னதுகூட, அவள் வாயைப் பிடுங்குவதற்காக ஜெபா கட்டிய கதையாக இருக்கும் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். அம்மா சொன்ன தண்ணீர் எப்படி உப்பாகும்?

வீட்டுக்கு வந்து டிலானியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டிலானி யூனிஃபார்மை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. எனக்கு வேலை கிடைக்கவேணும் எண்டுதானே இப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்றாள். சின்ன வயதிலிருந்து தாழைத்துறைக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். வக்கீல் நம்பாதபோது அடக்கிய கண்ணீர் அப்போது வந்தது பரிபூரணத்துக்கு. பெற்ற மகளுக்கே தான் பிறந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

பதிமூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, வாசலில் ஸ்கூட்டி நின்றது. ஜெபா ஃபைலைத் திறந்து, முத்திரை வைத்த ஒரு தாளை எடுத்து டிலானியிடம் நீட்டினாள். டிலானி வாய்விட்டுப் படித்தாள். பரிபூரணம், பெண் குழந்தை. பிறந்த இடம் மண்டபம் முகாம். தாயின் பெயர், தகப்பன் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரின் பெயர், பிறந்த தேதி ஆகஸ்ட் பதினைந்து. எல்லாம் இருந்தது.

"இத வச்சுப் பொறப்புச் சான்றிதழுக்குப் போடலாம், பொறவு கோர்ட்டு," என்றாள் ஜெபா. "நாளாகும். ஆனா நிக்கும்னு வக்கீல் சாரே சொல்லிட்டாரு."

டிலானி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "நம்பாமல் கதைச்சிட்டேன் அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பரிபூரணம் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு மெல்ல விலகி, வேலிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த மரியதாஸ் பெரியவரிடம் போனாள்.

"ஐயா, எங்கட வீட்டுக் கிணறு. பூவரசு நிண்ட கிணறு. அந்தத் தண்ணி உண்மையா உப்போ?"

பெரியவர் சிரித்தார். "கடல் உப்பு பிள்ளை. வாயில வைக்கேலாது. குடிக்கிற தண்ணிக்கு உன்ர அம்மா விடியமுந்தி எழும்பி ரெண்டு கட்டை தூரம் நடந்து போவா, இடுப்பில ஒரு குடம், தலையில ஒரு குடம். வெயிலுக்கு முந்தித் திரும்ப வேணும். ஏன், உனக்குச் சொல்லேல்லையோ?"

அவள் திரும்பி வந்து, வாசல்படியில் உட்கார்ந்தாள். அதிகாரியை நம்பியதில்லை அவள், அமைப்பை நம்பியதில்லை, பால்கோவாவைக்கூட நம்பியதில்லை. இந்த உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஆள் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

டிலானி தாளைக் கையில் பிடித்தபடியே வந்து பக்கத்தில் குந்தினாள். "என்னம்மா, இப்பவும் சந்தேகமோ? சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு. பாருங்கோ."

"அது இல்ல பிள்ளை," என்றாள் பரிபூரணம். "தண்ணி உப்பாம். அம்மா என்னட்ட இனிக்கும் எண்டு சொன்னவ."